பன்னீர் ரோஜா: பூத்து நிற்கும் செடியை வெட்டலாமா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பன்னீர் ரோஜா பயிரிட்டவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்படுவது உண்டு. செடியில் தினமும் கொஞ்சம் பூ கிடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பூ விற்ற காசில்தான் வீட்டின் அன்றாடச் செலவு நடக்கும். கவாத்து செய்தால் ஆறேழு வாரத்துக்கு அந்த வரவு நின்றுவிடும். கவாத்து செய்யாமல் விட்டாலோ, பொங்கலுக்கும் தை மாத முகூர்த்தங்களுக்கும் மண்டியில் பூவுக்குக் கிராக்கி ஏறும்போது செடியில் சுண்டைக்காய் போன்ற சிறு மொட்டுகள்தான் இருக்கும். "பூக்கிற செடியை யாராவது வெட்டுவார்களா?" என்று ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு, நாலைந்து ஆண்டில் தோட்டத்தைப் புதராக்கி, பிறகு ரோஜா கட்டுப்படியாகவில்லை என்று கொத்தி எறிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வெட்டலாமா என்று கேட்டால், வெட்டத்தான் வேண்டும். ஏன் வெட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், வரவு முழுவதும் நின்றுபோகாமல் எப்படி வெட்டலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் தானாகப் போய்விடும்.

இந்தச் செடி பூக்கும் விதம்

ரோஜாவில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை பூப்பது. வட இந்தியாவில் அத்தர் எடுக்கப் பயிரிடும் டமாஸ்க் ரோஜா இந்த வகை. மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள் பூத்துக் கொட்டிவிட்டு, பிறகு ஆண்டு முழுவதும் இலையும் முள்ளுமாக நிற்கும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் அதற்குப் பூ வரும். பூக்கும் காலத்துக்கு முன்பு தெரியாத்தனமாக அந்தக் கிளையை வெட்டிவிட்டால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. மற்றது, புதிதாக விடும் தளிரின் நுனியிலெல்லாம் பூ வைப்பது. வேனிலானாலும் மழையானாலும் இதற்குக் கணக்கில்லை. தளிர் வந்தால் மொட்டும் வரும். தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்குப் பயிரிடும் பன்னீர் ரோஜா இந்த இரண்டாவது தினுசு. தோட்டக்கலை நூல்களில் இதற்கு எட்வர்டு ரோஜா என்று பெயர்.

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை விஞ்ஞானிகள் 2012-ல் விளக்கினார்கள். ஒருமுறை பூக்கும் ரோஜாவில், நுனிக் குருத்தைப் பார்த்து "இப்போது பூக்காதே, இலையை விடு" என்று தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. பழைய சீன ரோஜாக்களில் அந்த மரபணுவுக்கு நடுவே வேறொரு துண்டு புகுந்து அதைப் பழுதாக்கிவிட்டது. தடுப்பவன் இல்லாததால் குருத்தெல்லாம் பூவாகிறது. சீனத்துத் தோட்டக்காரர்கள் இந்தக் காரணம் தெரியாமலேயே அப்படிப்பட்ட செடிகளைப் பொறுக்கி எடுத்துப் பல நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வந்தார்கள் என்பது வியப்புக்குரியது.

விவசாயிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. பன்னீர் ரோஜாவில் பூவின் எண்ணிக்கை என்பது புதுத் தளிரின் எண்ணிக்கை. பூவின் பருமன் என்பது அந்தத் தளிரின் பருமன்.

நுனியில் பூ வைத்த தளிர் அதற்கு மேல் நீளாது. பூவுக்குக் கீழே, இலைக் கக்கத்தில் இருக்கும் கண்கள்தான் அடுத்த தளிராகக் கிளம்ப வேண்டும். செடியை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கண் முதலில் முந்திக்கொள்ளும். ஆனால் மேலே போகப் போகக் கிளை மெலிதாகத்தானே இருக்கும்? விரல் கனக் கிளையில் பென்சில் கனத் தளிர் வரும். பென்சில் கனத் தளிரின் நுனியிலிருந்து கம்பி போன்ற தளிர் வரும். அதிலிருந்து வருவது ஈர்க்கு. ஈர்க்கில் பூக்கும் பூ எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கவாத்து காணாத தோட்டத்தில் பூ ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான். மண்ணைக் குறை சொல்லி மேலும் மேலும் உரம் போடுவதில் பயனில்லை.

கனமான கிளையில், கீழே உறங்கிக்கொண்டிருக்கும் கண்ணை எழுப்ப வேண்டுமானால் அதன் மேலே இருப்பதை எடுத்தாக வேண்டும். கவாத்து என்பது இவ்வளவுதான்.

வேலியில் கிடைத்த செடி

இந்தச் செடிக்கு எட்வர்டு என்று பெயர் வந்த கதை சுவையானது. இந்துமாக்கடலில் மொரீசியசுக்கு அருகே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் உள்ள ஒரு தீவு இருக்கிறது. இப்போது அதற்கு ரீயூனியன் என்று பெயர். அக்காலத்தில் பூர்போன் தீவு என்பார்கள். அங்கே குடியானவர்கள் நிலத்துக்கு ரோஜாவையே வேலியாக வைப்பது வழக்கம். ஒரு பக்கம் சீன ரோஜா, இன்னொரு பக்கம் இலையுதிர் காலத்திலும் ஓரளவு பூக்கும் ஒருவகை டமாஸ்க் ரோஜா. 1817-ல் அங்கு வந்த பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர், செயின்ட் பெனுவா என்ற ஊரில் எதுவார் பெரிஷோன் என்பவருடைய நிலத்தில் வித்தியாசமான ஒரு ரோஜாவைக் கண்டார். இரண்டு வேலிகளுக்கும் இடையே வண்டுகளும் தேனீக்களும் செய்த கலப்பில் தானாக முளைத்த செடி அது. எதுவார் என்பதுதான் ஆங்கிலத்தில் எட்வர்டு ஆயிற்று. 1819-ல் பிரெயோன் பாரிசுக்கு அருகே நூயீ என்ற இடத்தில் ஓர்லியான்ஸ் பிரபுவின் தோட்டக்காரராக இருந்த ஜாக் என்பவருக்கு அதன் விதைகளை அனுப்பினார். ஐரோப்பாவில் பூர்போன் ரோஜாக்கள் என்று பெயர் பெற்ற குடும்பம் அப்படித் தொடங்கியது.

மணம் டமாஸ்க் வழியில் வந்தது. ஓயாமல் பூக்கும் குணத்தில் பெரும்பங்கு சீன வழியில் வந்தது. அத்தர் எடுப்பதற்கு டமாஸ்க்கே மேல். எட்வர்டில் எண்ணெய் குறைவு. ஆனால் மாலைக்கும் பூஜைக்கும் நாள்தோறும் பூ வேண்டும் என்கிற நம் ஊர்ச் சந்தைக்கு ஆண்டில் ஒரு மாதம் பூக்கும் செடி எதற்கு? நிலக்கோட்டை வட்டாரத்தில் பன்னீர் ரோஜா நிலைத்து நிற்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தந்தான். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கும் நீண்ட காம்பு ரோஜாவுக்கு முதலீடு அதிகம். அது வேறு தொழில், வேறு சந்தை.

குச்சிச் செடியா, ஒட்டுச் செடியா?

கத்தரியை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதில் ஏற்படும் தவறால் நல்ல தோட்டங்கள் வீணாகியிருக்கின்றன.

எட்வர்டு ரோஜா குச்சி நட்டாலே வேர் பிடிக்கும். அப்படி வளர்ந்த செடியில் வேரும் எட்வர்டு, கிளையும் எட்வர்டு. அடித்தூரிலிருந்தோ மண்ணுக்குள்ளிருந்தோ கொழுத்த தளிர் ஒன்று கிளம்பினால் அதுவும் எட்வர்டுதான். அதை வெட்டவே கூடாது. பழைய கிளை ஓய்ந்தபின் செடியைத் தாங்கப் போவது அதுதான். "அடியில் வருவது காட்டு ரோஜா, எடுத்துவிடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குச்சிச் செடியின் அடித்தளிர்களை ஆண்டுதோறும் கிள்ளி எறிபவர்கள், தங்கள் கையாலேயே செடியைக் கிழடாக்குகிறார்கள்.

ஒட்டுக் கட்டிய செடியில் நிலைமை நேர் எதிர். அடியில் இருப்பது வேறு ரோஜா. ஒட்டுக்குக் கீழே கிளம்புவது அந்த வேர்ச்செடியின் தளிர். அது விறுவிறுவென்று வளர்ந்து மேலே உள்ள நல்ல செடியின் சத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும். அதை மண்ணைப் பறித்து, கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாக வரும்.

எது எந்தச் செடி என்று கண்டுபிடிப்பது எப்படி? தரை மட்டத்தில் தண்டைத் துடைத்துப் பார்த்தால் ஒட்டுச் செடியில் முழங்கைபோல் ஒரு முண்டு தெரியும். குச்சிச் செடியில் அது இராது. சந்தேகமாக இருந்தால் அடித்தளிரின் இலையையும் முள்ளையும் மேல்கிளையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படியும் விளங்காவிட்டால் ஒரே ஒரு செடியில் அடித்தளிரை வளரவிட்டு, என்ன பூக்கிறது என்று பார்த்து முடிவு செய்வது நல்லது.

வெட்டும் முறை

தண்டின் நீளத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடுவது உதிரிப்பூ ரோஜாவுக்குப் பொதுவான அளவு. முதலில் காய்ந்த குச்சிகள், நோய் பிடித்தவை, ஒன்றோடொன்று உராயும் கிளைகள், செடியின் நடுவே வெயில் புகாதபடி அடைக்கும் மெல்லிய சிம்புகள் ஆகியவற்றை அடியோடு களைய வேண்டும். நாலைந்து வயதாகிப் பட்டை சொரசொரத்துப்போன முதிய கிளைகளில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, ரம்பத்தால் அடியில் அறுத்துவிடலாம். குச்சிச் செடியாக இருந்தால் அந்த இடத்தில் அடித்தளிர் வந்து சேரும். மீதி நிற்கும் நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறைக்க வேண்டும்.

வெட்டும் இடம் முக்கியம். செடிக்கு வெளிப்புறமாகப் பார்த்திருக்கும் கண்ணாகத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணிருக்கும் பக்கம் உயரமாகவும் எதிர்ப்பக்கம் தாழ்வாகவும் சாய்வாக வெட்ட வேண்டும். அப்போது மழைத்தண்ணீர் கண்ணில் தேங்காமல் வழிந்துவிடும். கண்ணுக்கு மேலே அதிகம் விட்டால் அந்தத் துண்டு காய்ந்து, காய்ச்சல் கீழே இறங்கும். ஒட்டி வெட்டினால் கண்ணே வாடும். கத்தரி கூர்மையாக இருப்பது அவசியம். மழுங்கிய அரிவாளால் கொத்துவது கவாத்து ஆகாது. கிளை பிளந்து நோய்க்குக் கதவு திறந்ததாகும்.

வெட்டுவாயில் அன்றைக்கே போர்டோ பசை தடவ வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பாத்திரத்திலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் இன்னொரு பாத்திரத்திலும் கரைத்து, இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் பசை தயார். மண் பாத்திரமோ பிளாஸ்டிக் வாளியோ போதும். இரும்பு, தகரம் கூடாது. துருவில்லாத கத்தி முனையைக் கொஞ்ச நேரம் கரைசலில் வைத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பழைய கையேடுகளில் இந்தப் பசையோடு கார்பரில் தூளையும், நடவுக் குழியில் லிண்டேன் தூளையும் சேர்க்கச் சொல்லியிருக்கும். இரண்டும் இப்போது தடை செய்யப்பட்ட மருந்துகள். யாராவது பழைய இருப்பைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. குழிக்கு வேப்பம் புண்ணாக்கு போதும்.

மழை கொட்டும் நாளில் கவாத்து வேண்டாம். ஈரமான வெட்டுவாயில் நுனிக்கருகல் நோய் எளிதில் தொற்றும். வடகிழக்குப் பருவமழைக்கு இடையே நாலைந்து நாள் வெறிப்பு கிடைக்கும். அதற்காகக் காத்திருப்பது மேல்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம்

வரவு நின்றுவிடுமே என்ற கவலைக்கு இங்கேதான் பரிகாரம் இருக்கிறது. கவாத்து செய்த நாளிலிருந்து ஆறு, ஏழு வாரத்தில் பூ வரத் தொடங்கும். பனி அதிகமானால் ஒரு வாரம் தள்ளிப்போகலாம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் பூவை வேண்டிய நாளுக்கு வரவழைக்கலாம்.

10 சென்ட் நிலத்தில் 200 செடி வைத்திருப்பவர் அதை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐப்பசிக் கடைசியில் முதல் பகுதியை வெட்டினால் மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, ஆங்கிலப் புத்தாண்டுப் பக்கமாகப் பூ வரும். கார்த்திகை பத்தாம் தேதி வாக்கில் இரண்டாம் பகுதியை வெட்டினால் அது பொங்கலுக்கு ஆகும். மார்கழி பிறந்தவுடன் மூன்றாம் பகுதி. அது தைப்பூசத்துக்கும் தை முகூர்த்தங்களுக்கும் வந்து சேரும். பெரும்பாலான வாரங்களில் தோட்டத்தின் ஒரு பகுதியிலாவது பூ இருக்கும். பறிக்கும் வேலையும் ஒரேயடியாக வந்து கழுத்தை நெரிக்காது.

இன்னொரு லாபமும் உண்டு. ஊரெல்லாம் ஒரே வாரத்தில் கவாத்து செய்தால் ஊரெல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும். அந்த வாரம் மண்டியில் என்ன நடக்கும் என்பது பூக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு நாளை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அது நடப்பது அபூர்வம். தன் தோட்டத்துக்குள் பிரித்துக்கொள்வதாவது தன் கையில் இருக்கிறது.

கவாத்துக்குப் பின்

வெட்டியதோடு விட்டுவிட்டால் செடி ஏமாந்துபோகும். தளிர் விட அதற்குச் சாப்பாடு வேண்டும். செடியைச் சுற்றிலும் மண்ணை லேசாகக் கொத்தி, ஒவ்வொன்றுக்கும் மக்கிய தொழு உரம் 10 கிலோ இட வேண்டும். அதோடு யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 20 கிராம் கொடுக்க வேண்டும். 200 செடிக்கு யூரியா 2.6 கிலோ, சூப்பர் 15 கிலோ, பொட்டாஷ் 4 கிலோ ஆகிறது. தூரை விட்டு ஓர் அடி தள்ளி வட்டமாக இட்டு, மண்ணை மூடித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இதே அளவு உரத்தை ஆடி மாதத்தில் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். யூரியாவை மட்டும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுகிறவர்கள் இலையைத்தான் வளர்க்கிறார்கள். கொழுத்த பச்சைத் தளிருக்கு அசுவினியும் சாம்பல் நோயும் தேடி வரும்.

தண்ணீர் வாரம் ஒரு முறை போதும். மணற்பாங்கான நிலத்திலும் கோடையிலும் கொஞ்சம் முன்பாகவே வேண்டியிருக்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் ரோஜாவுக்கு ஆகாது. கிணற்று நீர் உவராக இருக்கும் இடத்தில் வேறு பூவை நினைப்பதே உத்தமம். நிழலும் ஆகாது. தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக வைத்தால் தளிர் வரும், நுனியில் பூ இராது. இப்படிக் குருட்டுத் தளிராக நிற்பவற்றைப் பாதிக்கு வெட்டிவிட்டால், வெயில் படும் இடமாக இருந்தால் அடுத்த தளிரில் பூ வரும்.

நோயில் முக்கியமானவை மூன்று. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த இலைகளை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு அவற்றிலிருந்தே நோய் கிளம்பும். கூட்டி எரிக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் அல்லது 1 கிராம் கார்பண்டசிம் தெளிக்கலாம். பனிக்காலத்தில் தளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெண்பொடி படிவது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். கிளை நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்குவது நுனிக்கருகல். அதற்கு மருந்தைவிடக் கத்தரிதான் மேல். கறுப்பு முடியும் இடத்துக்குக் கீழே பச்சைப் பகுதியில் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி, பசை தடவி, வெட்டியதை எரித்துவிட வேண்டும்.

பூச்சிகளில், தண்டில் பொருக்குப்போல் ஒட்டிக்கொள்ளும் செதில் பூச்சியை ஆரம்பத்தில் பலர் கவனிப்பதில்லை. மிகுதியாகப் பிடித்த கிளைகளை வெட்டி எரித்து, மற்றவற்றை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியால் தேய்த்துவிடலாம். கவாத்து செய்து தண்டு வெளியே தெரியும் சமயந்தான் இதற்கு வாகானது. இலைப்பேன் பிடித்தால் மொட்டு விரியாமல் இதழோரம் கருகும். முதலாண்டு வரிசைகளுக்கு இடையே சின்ன வெங்காயம் போட ஆசை வரும். வெங்காயமும் இலைப்பேனுக்குப் பிடித்த பயிர் என்பதை நினைவில் வைத்து, கொத்தமல்லியோ கீரையோ போடுவது நல்லது. எந்த மருந்தானாலும் காலையில் பூவைப் பறித்து முடித்தபின் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

விலை இறங்கிய நாளில்

உதிரிப்பூவை நன்றாக விரிந்தபின், வெயில் ஏறுவதற்கு முன் பறிக்க வேண்டும். மூங்கில் கூடையில் ஈரத்துணி போட்டு, அழுத்தாமல் வைக்க வேண்டும். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. மண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் உள்ளே வெந்து இதழ் பழுப்பாகிவிடும். அந்தத் தோட்டத்துப் பூ என்றால் வியாபாரி அடுத்த நாளும் விலையைக் குறைத்தே கேட்பார்.

பறிகூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு விலை இறங்கும் நாட்கள் வரும். அப்போது பூவைச் செடியிலேயே விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. இது இரட்டை நஷ்டம். இதழ் உதிர்ந்த இடத்தில் காய் உருண்டு வரும். பூர்போன் தீவிலிருந்து விதை போனது இந்தக் காயிலிருந்துதான். காய் பிடித்த செடி, தன் வேலை முடிந்தது என்பதுபோல் அடுத்த தளிரை விடச் சுணங்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். முடிந்தால் மாதம் ஒரு தடவை தோட்டத்தைச் சுற்றி வந்து, பூப் பறித்தபின் மிஞ்சிய வெறும் காம்புகளை, ஐந்து சிற்றிலை உள்ள நல்ல இலைக்கு மேலே வெட்டிவிட வேண்டும். அந்த இலையின் கக்கத்தில் வலுவான கண் இருக்கும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒரு மாலையில் செய்துவிடக்கூடிய வேலை இது. பெரிய கவாத்தின் பலனில் ஒரு பங்கு இதிலேயே கிடைத்துவிடும்.

கிள்ளிய பூவைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. மருந்து தெளிக்காத தோட்டமாக இருந்தால் இதழ் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு என்று கண்ணாடிப் புட்டியில் மாற்றி மாற்றி அடுக்கி, மூன்று நான்கு வாரம் வெயிலில் வைத்தால் குல்கந்து ஆகிவிடும். மருந்து தெளித்த பூவை மாத்திரம் இதற்குத் தொடக் கூடாது.

வெட்டிய குச்சியே விதை

கவாத்தில் விழும் குச்சிகளை அப்படியே அடுப்புக்குக் கொண்டுபோவது வழக்கம். நல்ல செடியிலிருந்து விழுந்த, பூத்து முடிந்த, பென்சில் கனக் குச்சிகளைத் தனியாக எடுத்து வைத்தால் அடுத்த தோட்டத்துக்குச் செடி வாங்க வேண்டாம். சிம்பும் ஆகாது, முற்றிய கட்டையும் ஆகாது. நுனிக்கருகல் கண்ட செடியின் குச்சி அறவே கூடாது. ஆறிலிருந்து எட்டு அங்குல நீளத்தில், மூன்று நான்கு கண் இருக்கும்படி நறுக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. உரக்கடையில் கிடைக்கும் வேர் ஊக்கித் தூளில் அடியைத் தொட்டு, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த பையிலோ, நிழலான பாத்தியிலோ, முக்கால் பாகம் மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்தில் தளிர் காட்டும். அதைக் கண்டு பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் இருந்த சத்திலேயே துளிர்த்திருக்கும், வேர் இன்னும் வந்திராது. வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். கார்த்திகையில் ஊன்றிய குச்சியைக் கோடை முழுவதும் நிழலில் காப்பாற்றி, வெயில் தணிந்து ஆடியில் தோட்டத்தில் நடலாம். ஒன்றரை அடிச் சதுரக் குழி, 10 கிலோ தொழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர். இந்த இடைவெளியில் சென்டுக்கு 20 செடி ஆகும். நட்ட ஆண்டிலேயே பூக்கும் என்றாலும், இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கணக்குப் பார்க்கத்தக்க வரவு வரும். பரிந்துரைக் கையேடுகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் பூ என்று சொல்லப்படும் மகசூல், இந்த இடைவெளியில் செடிக்கு 200 பூவுக்குச் சமம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் ஒரு ஏக்கரில் வைக்க வேண்டாம். ரோஜாவில் பெருஞ்செலவு உரமும் மருந்தும் அல்ல. முள்ளுக்குள் கைவிட்டுத் தினமும் விடியற்காலையில் பறிக்கும் ஆள் கூலிதான். வீட்டு ஆட்கள் பறித்துக்கொள்ளக்கூடிய 10 சென்டில் தொடங்கி, ஒரு கவாத்தும் ஒரு பொங்கலும் பார்த்தபின், அந்தக் கவாத்துக் குச்சியிலிருந்தே அடுத்த 10 சென்டை நட்டுக்கொள்ளலாம்.